இரண்டாம் காயிலின் மேல் ஒரு முடிச்சு

மாமாவுக்கு அது எப்போது தெரிந்தது? இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்கு விடை கிடைக்கவில்லை. முதல் வாரமே தெரிந்துவிட்டதா, ஒரு வருடம் கழித்துத்தான் கண்டுகொண்டாரா, தெரிந்தபோது மனம் நொந்தாரா, தனக்குள் சிரித்துக்கொண்டாரா, எதுவும் தெரியாது. கேட்டுவிடலாம் என்று பலமுறை வாயெடுத்து விழுங்கியிருக்கிறேன். இனிக் கேட்க அவர் இல்லை. இருப்பது எங்கள் பழைய கார்தான். அதன் பானெட்டைத் தூக்கினால் எஞ்சின் தலையில் கறுப்பாக நான்கு காயில்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். அதில் இரண்டாவதன் மேல் ஒரு பால் பாக்கெட் உறை கவிழ்த்திருக்கிறது. உறையின் கழுத்தைச் சுற்றிப் பச்சை நைலான் நூலில் ஒரு முடிச்சு. அந்த முடிச்சைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முன்னால் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எனக்குச் சொந்த ஊர் சாயர்புரம். அங்கேயே படித்து, இயற்பியலில் பட்டம் வாங்கி, தூத்துக்குடியில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருந்தபோது கடற்கரைப் பக்கத்து வீடொன்றுக்கு மருமகளாக வந்தேன். எங்கள் பக்கம் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போவோம். இவர்கள் கத்தோலிக்கர்கள், பூசைக்குப் போகிறவர்கள். அந்தச் சொல் என் வாயில் தானாக வருவதற்கே ஆறு மாதம் பிடித்தது. கணவருக்குச் சரக்குக் கப்பலில் வேலை. ஏறினால் இறங்க எட்டு மாதம், ஒன்பது மாதம் ஆகும். அத்தை நான் வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். ஆகவே வீட்டில் நானும் மாமாவும் மட்டும். பிறகு என் மகள். பேரன் பேத்தியைப் பார்த்துக்கொள்ள வீடு நிறைய ஆள் இருக்கும் குடும்பங்களைப் பார்த்து எனக்கு ஏக்கமாக இருக்கும். எனக்குக் கிடைத்தது, தோணியில் முப்பது வருடம் எஞ்சின் பார்த்த, இடது காது சரியாகக் கேட்காத, எதையும் எதிர்க்காற்றில் பேசுவதுபோல உரக்கப் பேசுகிற ஒரு மனிதர்.

கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப்போகும் தோணிகளில் அவர் ஓடியிருக்கிறார். கண்ணில் புரை விழுந்து, முழங்காலும் ஒத்துழைக்காமல் போனபின் கரையேறினார். கரைக்கு வந்தாலும் சொற்கள் கடலிலேயே இருந்தன. காரின் முன்பக்கம் அவருக்கு அணியம். தோணியின் முன்முனைக்கு அப்படித்தான் பெயர். பின்பக்கம் அமரம். “அமரத்துல ஏதோ கடகடங்குது, பாரு,” என்பார். டிக்கியைத் திறந்தால் உள்ளே தண்ணீர் பாட்டில் உருண்டுகொண்டிருக்கும். என் மகளை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. சம்மனசு என்பார். தேவதைக்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் அது.

கார் வந்ததே அவளுக்காகத்தான். பிறந்த மூன்றாம் மாதத்திலிருந்து அவளுக்கு வீசிங். காற்று மாறினால் நெஞ்சுக்குள் பூனை உறுமும். கணவர் கப்பலேறுவதற்கு முன்பு, பத்து வருடம் ஓடிய ஒரு பெட்ரோல் காரை வாங்கிக் கொடுத்து, என்னை ஓட்டப் பழகச் சொல்லிவிட்டுப் போனார். நான் பயந்தவள். ஸ்டவ்வை அணைத்தேனா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வந்து பார்க்கிற ரகம். அப்படிப்பட்டவள் ஒவ்வொரு திங்கள்கிழமை காலையும் பிள்ளையையும் மாமாவையும் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு டாக்டரிடம் வண்டி ஓட்டிப்போனேன். கண்ணாடியில் நான் பார்த்தது பின்னால் வரும் வண்டிகளை அல்ல. பிள்ளையின் விலா உள்வாங்குகிறதா என்பதைத்தான்.

அவளுக்கு எட்டு மாதம் இருக்கும்போது ஒரு திங்கள்கிழமை, ரயில்வே கேட்டில் வண்டி நின்றது. துறைமுகத்துக்குப் போகும் சரக்கு ரயில் நீளமாகப் போய்க்கொண்டிருந்தது. கேட்டுக்காக நிறுத்தியிருந்தபோதே எஞ்சின் குலுங்க ஆரம்பித்தது. ஸ்டியரிங் என் கையில் நடுங்கியது. முன்னால் மஞ்சள் விளக்கு ஒன்று கண்சிமிட்டியது. கேட் தூக்கியதும் கிளட்சை விட்டேன். ஒரு உதறல், அவ்வளவுதான். பின்னால் ஹாரன்கள். பிள்ளைக்கு அன்று இரைப்பு அதிகம். சாவியைத் திரும்பத் திரும்பத் திருப்பினேன். அப்போது மாமா பின்னாலிருந்து சொன்னார்: “பதறாத மக்கா. கடல்ல நின்னாத்தான் பயப்படணும். இது ரோடுல்லா. எறங்கி நடந்துரலாம்.” சொல்லிவிட்டு அவளைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு முழங்காலை இழுத்து இழுத்துத் தண்டவாளத்தைக் கடந்து, அந்தப் பக்கம் நின்ற ஆட்டோவில் ஏறிவிட்டார். ஆட்டோ திரும்பும் வரை அவருடைய வெள்ளைச் சட்டையையே பார்த்துக்கொண்டு வண்டிக்குள் உட்கார்ந்திருந்தேன். டாக்டரிடம் சரியான நேரத்துக்குப் போய்விட்டார்கள். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஆகியிருந்தால் என்ற நினைப்பு அதன்பிறகு என்னை விட்டுப் போகவே இல்லை.

ஏரல்காரரான ஒரு மெக்கானிக் அண்ணாச்சி எங்களுக்கு வாய்த்திருந்தார். வண்டியை அவர் கடைக்குத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்த்தோம். ஸ்கேனரை மாட்டிப் பார்த்து, இரண்டாவது சிலிண்டரில் பொறி விழவில்லை என்றார். பெட்ரோல் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு பிளக். பிளக்கில் பொறி பறந்தால்தான் பெட்ரோல் எரியும். பேட்டரியின் சின்ன மின்னழுத்தத்தை ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயர்த்தி அந்தப் பொறியைக் கொடுப்பது காயில். இதை நான் கரும்பலகையில் எத்தனையோ முறை வரைந்திருக்கிறேன், இரண்டு சுற்றுகள், நடுவில் இரும்பு, அம்புக்குறிகள். பொருளைக் கண்ணால் பார்த்தது அன்றுதான். அண்ணாச்சி உடனே காயிலைக் குற்றம் சொல்லவில்லை. இரண்டாவது காயிலைக் கழற்றி மூன்றாவதில் வைத்தார். மூன்றாவதை இரண்டாவதில் வைத்தார். ஸ்கேனரில் பழையதை அழித்துவிட்டு ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். இப்போது ஸ்கேனர் மூன்றாவது சிலிண்டரைக் காட்டியது. “நோவு காயில் கூடவே நடந்து வந்துட்டு பாத்தீங்களா டீச்சர்? அப்போ காயில்தான். நோவு அங்கனயே நின்னிருந்தா காயில் மேல பழி போடக்கூடாது. பிளக்க, வயர, கனெக்டரத்தான் பாக்கணும்.” புதுக் காயில் போட்டார். வண்டி பஞ்சுபோல ஓடியது.

வீட்டில் மாமா எல்லாவற்றையும் விசாரித்தார். காயில் என்று ஒன்று தோணியில் கிடையாது. தோணி எஞ்சின் டீசல். அதற்குப் பொறியே வேண்டாம், அழுத்தத்திலேயே எரிந்துகொள்ளும். ஆகவே நான் சொன்னதை அவர் தன் வழியில் புரிந்துகொண்டார். “உப்புதான், வேற என்ன? உப்பளக் காத்துல நிக்குத வண்டி,” என்றார். அன்றைக்கு அவர் முகம் இருந்த விதம் எனக்கு நினைவிருக்கிறது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தண்டவாளம் கடந்தபோது நிதானமாக இருந்தவர், வீட்டுக்கு வந்தபிறகு கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று வாரம் கழித்து மறுபடி அதே குலுக்கல், அதே மஞ்சள் விளக்கு. கடைக்குக் கொண்டுபோவதற்குள் வெயில் ஏறி, எஞ்சின் சூடாகி, வண்டி தானாகச் சரியாகிவிட்டது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று டாக்டரிடம் தூக்கிப்போனால் அங்கே சிரித்துக்கொண்டு கிடக்குமே, அதுபோல. ஆனால் ஸ்கேனர் நினைவில் வைத்திருந்தது: இரண்டாவது சிலிண்டர். அண்ணாச்சி மறுபடி காயிலை இடம் மாற்றி அனுப்பினார். அடுத்த தடவை குலுங்கியபோது நோவு நகரவில்லை, இரண்டிலேயே நின்றது. கனெக்டரைப் பிடுங்கிப் பார்த்தார். பல் துலக்கும் பிரஷ்ஷின் தலை அளவுகூட இல்லாத அந்தக் கறுப்புப் பிளாஸ்டிக்குக்குள் மூன்று பின்கள். அதில் ஒன்றின் மேல் பாசிபோலப் பச்சை பூத்திருந்தது. கனெக்டரைக் கவ்விப் பிடிக்கும் சின்னப் பூட்டு சூட்டில் காய்ந்து உடைந்து, தொட்டாலே ஆடியது. ஸ்பிரே அடித்துப் பச்சையைச் சுரண்டி, ஒரு கேபிள் டையால் இறுக்கிக் கொடுத்தார்.

அப்படியும் குலுக்கல் நிற்கவில்லை. நான் ஒரு நோட்டுப் போட்டேன். பிள்ளையின் இரைப்புக்கு ஒரு நோட்டு ஏற்கெனவே இருந்தது. அதன் கடைசிப் பக்கங்களில் வண்டியின் இரைப்பையும் எழுத ஆரம்பித்தேன். எந்த நாள், எந்த நேரம், எஞ்சின் குளிர்ந்திருந்ததா, காற்று எந்தப் பக்கம், எத்தனை நிமிடத்தில் சரியானது. இரண்டு மாதம் எழுதியபின் அதைப் பார்த்தபோது பிடிபட்டது. எல்லாம் திங்கள்கிழமை காலை. புதன்கிழமை பள்ளிக்குப் போனபோது ஒருமுறைகூட இல்லை. அண்ணாச்சியிடம் காட்டினேன். அவர் சிரித்தார். “வண்டிக்கும் திங்கக்கெழமைன்னா பள்ளிக்கொடம் போவக் கள்ளம் வருதோ என்னமோ.” சிரித்துவிட்டு, அடுத்த திங்கள்கிழமை வண்டியை ஓட்ட வேண்டாம், ஸ்டார்ட்கூடச் செய்ய வேண்டாம், தானே வீட்டுக்கு வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

சொன்னபடி காலையில் வந்தார். மாமா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ரஸ்க் வாங்கப் போயிருந்தார். அண்ணாச்சி இரண்டாவது காயிலை மெதுவாக உருவி, அது நின்ற குழிக்குள் டார்ச் அடித்து, என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அடியில் பிளக்கைச் சுற்றித் தண்ணீர் மினுங்கியது. காயிலின் ரப்பர் வாய் உட்காருகிற இடத்தில் எஞ்சின் மூடியின் விளிம்பு அரித்துப்போயிருந்தது. அதனால் மற்ற மூன்று குழிகளும் காய்ந்திருக்க, இதில் மட்டும் தண்ணீர் இறங்கியிருக்கிறது. பொறி பிளக்கின் நுனிக்குப் போகாமல் அந்த ஈரத்தின் வழியாகவே ஓடிவிடும். முதல் காயில் கெட்டதும் இதனால்தான் என்றார். வெயிலிலும் சூட்டிலும் ஈரம் காய்ந்தால் வண்டி சரியாகிவிடும். அந்த மூடியை மாற்றலாமே என்றேன். அந்த மாடலுக்கு அது இப்போது வருவதில்லையாம். “தண்ணி படாமப் பாத்துக்கிட்டா போதும். மழையும் இல்ல, மாசக்கணக்கா. வண்டிய யாரு டீச்சர் குளிப்பாட்டுதா?”

எனக்குத் தெரியாது என்றேன். சொல்லும்போதே தெரிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, மீன் குழம்பும் சோறும் ஆனபின் நானும் பிள்ளையும் தூங்கிவிடுவோம். அந்த நேரத்தில் மாமா வண்டி கழுவுவார் என்பது தெரியும். வெளியே கழுவுகிறார் என்றுதான் நினைத்திருந்தேன். அடுத்த ஞாயிறு தூங்குவதுபோலப் படுத்திருந்துவிட்டு எழுந்துபோய்ச் சமையலறை ஜன்னலில் நின்றேன். பானெட் திறந்திருந்தது. காயில்களுக்கு மேலே இருந்த பிளாஸ்டிக் தட்டை எப்போதோ கழற்றி ஓரமாகச் சாய்த்திருந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு செம்பில் தண்ணீர் மொண்டு, குழந்தையின் தலையில் ஊற்றுவதுபோல ஒரு கையால் அணை கொடுத்து ஊற்றிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மூலையாக, ஒவ்வொரு குழாயாக. பிறகு துணியால் ஒற்றினார். வாயில் ஏதோ முணுமுணுப்பு. ஜெபமாகவும் இருக்கலாம், பாட்டாகவும் இருக்கலாம்.

அதை ஏன் செய்கிறார் என்று நான் கேட்கத் தேவையே இல்லை. கல்யாணமான புதிதில் அவர் சொல்லியிருக்கிறார். ஒருமுறை மாலத்தீவிலிருந்து திரும்பும்போது நடுக்கடலில் எஞ்சின் இறுகிவிட்டது. கழுவாமல் விட்ட உப்பு எங்கேயோ ஏறி அரித்திருக்கிறது. ஒரு பகலும் மறுநாள் பாதியும் தோணி அலையில் சும்மா ஆடியது. தோணியில் ஒருவருக்கு வயிற்று வலி, துடிக்கிறார், செய்ய ஒன்றுமில்லை. அந்த ஆள் பிழைத்துக்கொண்டார். ஆனால் மாமா அதன்பிறகு கரை தொட்டதும் வீட்டுக்கு வரமாட்டாராம். முதலில் எஞ்சினை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துவிட்டுத்தான் இறங்குவார். “எஞ்சினுக்கு நல்ல தண்ணி காட்டாம நமக்கு என்ன குளிப்பு?” என்பார். எங்கள் தெருவில் நல்ல தண்ணீர் நாலைந்து நாளுக்கு ஒருமுறைதான் குழாயில் வரும். போர் தண்ணீர் உப்பு. உப்புத் தண்ணீரில் குளித்தால் உடம்பு அரிக்கிறது என்கிறாரே என்று நான் அவருக்குத் தினம் ஒரு வாளி நல்ல தண்ணீர் எடுத்து வைப்பேன். சனி, ஞாயிறு இரண்டு நாள் வாளி எங்கே போயிற்று என்று ஜன்னலில் நின்றபோதுதான் தெரிந்தது. கார் வந்ததிலிருந்தே ஊற்றியிருக்கிறார், ரயில்வே கேட்டில் நின்ற அந்தத் திங்கள்கிழமைக்குப் பிறகு ஒரு செம்பையும் விடாமல். வண்டி நிற்க நிற்க, இன்னும் கவனமாகக் கழுவியிருக்கிறார். கவனமாகக் கழுவக் கழுவ, வண்டி நின்றிருக்கிறது.

இதை எப்படிச் சொல்வது? நான் ஆசிரியை, பத்து நிமிடத்தில் படம் வரைந்து விளக்கிவிடலாம். ஆனால் விளக்கத்தின் கடைசி வரி என்னவாக இருக்கும்? அன்றைக்குச் சம்மனசுக்கு மூச்சு முட்டியபோது வண்டி நின்றது உங்களால்தான் மாமா, என்பதாக இருக்கும். எப்படிச் சுற்றிச் சொன்னாலும் அங்கேதான் போய் முடியும். தோணியில் துடித்த அந்த மனிதரை முப்பது வருடமாகச் சுமந்தவரிடம் இன்னொன்றையும் ஏற்றிவைக்க எனக்கு வாய் வரவில்லை. சொல்லாமல் இருந்தால் பிள்ளைக்கு ஆபத்து. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில் அண்ணாச்சியிடம் போய், காரணத்தைச் சொல்லாமல், தண்ணீர் பட்டாலும் உள்ளே போகாதபடி ஒரு வழி கேட்டேன். அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். “பெரியவரா?” என்றார். நான் வண்டிச் சாவியை எடுத்துப் பைக்குள் போட்டேன். “ஒரு பால் பாக்கெட் கவர வெட்டிக் கவுத்து, ரப்பர் பேண்டு போட்டுருங்க. ஆனா ஓட்டுததுக்கு முன்னாடி எடுத்துரணும். சூட்டுல உருகி ஒட்டிரும், கேட்டீங்களா?”

அப்படித்தான் ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை பக்கத்துக் கோயிலில் பூசை முடிந்து நடந்து வந்ததும் மாமா சட்டை மாற்றப் போகும் இடைவெளியில் நான் பானெட்டைத் தூக்கி, இரண்டாவது காயிலுக்கு உறை போட்டு, பாவாடை விரிப்பதுபோல விளிம்பை விரித்துவிட்டு, ரப்பர் பேண்டை மாட்டுவேன். திங்கள்கிழமை காலை முதல் வேலையாகக் கழற்றுவேன். கழற்றினேனா என்று மூன்று முறை திறந்து பார்ப்பேன். ஒருமுறை கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன். மாமா பின்னால் வந்து நின்று, “என்னளா தேடுத?” என்றார். எண்ணெய் பார்க்கிறேன் என்றேன். “எண்ண பாக்க நானிருக்கம்லா. நீ போயி கொழம்பப் பாரு, தீயுத வாட வருது.” குழம்பு உண்மையிலேயே தீய்ந்துகொண்டிருந்தது. உறையை அவர் பார்த்தாரா இல்லையா என்று அன்று முழுக்க அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தீய்ந்த குழம்பை ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்.

நோட்டில் திங்கள்கிழமைகள் காலியாக நின்றன. வண்டி ஒருநாளும் குலுங்கவில்லை. மாமா பெருமையாக அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டார், நல்ல தண்ணி காட்டினால் எந்த எஞ்சினும் சொன்ன பேச்சைக் கேட்கும் என்று. நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். அந்த ஒரு வருடம்தான் இப்போது நினைத்தால் என் வாழ்க்கையிலேயே நிம்மதியான காலமாகத் தெரிகிறது. அன்றைக்கு அப்படித் தெரியவில்லை. ஏமாற்றுகிறோமே என்ற உறுத்தல், மறந்துவிடுவோமோ என்ற பயம். ஆனால் ஞாயிறு மதியம் கண்மூடிப் படுத்திருக்கும்போது, வெளியே செம்பு வாளியில் முட்டும் சத்தமும், பக்கத்தில் பிள்ளையின் சீரான மூச்சும், மாமாவின் முணுமுணுப்பும் சேர்ந்து கேட்கும். அந்தச் சத்தத்தைத் திரும்பக் கேட்க இன்று நான் எதுவும் கொடுப்பேன்.

பிறகு ஒரு திங்கள்கிழமை காலை பானெட்டைத் திறந்தால், ரப்பர் பேண்டைக் காணோம். உறை இருந்தது, ஆனால் நான் போட்டதைவிட நேர்த்தியாக, ஓரம் மடித்து, கனெக்டரின் வயர் வெளியே வரும் இடத்தில் ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றி, வலை பின்னும் பச்சை நூலால் கட்டியிருந்தது. முடிச்சின் ஒரு முனை மட்டும் இரண்டு விரலால் பிடிக்கத் தோதாக நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்து இழுத்தேன். முழுக் கட்டும் ஒரே இழுப்பில் அவிழ்ந்து கையோடு வந்தது. அந்த வாரம் அண்ணாச்சி எண்ணெய் மாற்றியிருந்தார். ஒருவேளை அவர் வேலையாக இருக்கும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு கேட்டேன். “நானா? எனக்குக் கேபிள் டைய விட்டா வேற முடிச்சுத் தெரியாது டீச்சர்,” என்றார்.

அடுத்த ஞாயிறு நான் வழக்கம்போல ரப்பர் பேண்டு போட்டேன். திங்கள்கிழமை பச்சை நூல் இருந்தது. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. மாமா ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஒருநாள் மட்டும், நான் பால் காய்ச்சிவிட்டு உறையைக் குப்பையில் போடப்போனபோது, “அதக் கழுவிக் காயப்போடு மக்கா, தேவப்படும்,” என்றார். ஏதாவது விதை போட்டு வைக்கக் கேட்கிறாரோ என்று திரும்பிப் பார்த்தேன். அவர் பிள்ளைக்குப் பச்சை நூலில் ஒரு சுருக்குப் போட்டு, இழுத்து, மாயமாக்கி விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். அவள் திரும்பத் திரும்பக் கேட்டு, திரும்பத் திரும்ப இழுத்தாள்.

இங்கேதான் என் குழப்பம் எல்லாம். ரப்பர் பேண்டு காணாமல்போன அன்றுதான் அவர் முதன்முதலில் உறையைப் பார்த்தாரா? அல்லது புரை விழுந்த கண்ணானாலும் ஒவ்வொரு மூலையையும் கையால் தடவித் தடவிக் கழுவியவருக்கு முதல் ஞாயிறே அது தட்டுப்பட்டு, மருமகள் மறைக்க நினைக்கிறாள், மறைக்கட்டும் என்று ஒரு வருடம் விட்டுக்கொடுத்தாரா? உறை எதற்கு என்று புரிந்தால், ரயில்வே கேட்டில் வண்டி எதனால் நின்றது என்பதும் புரிந்திருக்கும். அதைத் தனியாக மனதில் வைத்துக்கொண்டு வருந்தினாரா? நான் பேசியிருந்தால் அந்த வருத்தத்தில் பாதியையாவது வாங்கியிருக்கலாமே. இல்லை, பேசாமல் இருந்ததால்தான் அவருக்குத் தன் ஞாயிற்றுக்கிழமை மிஞ்சியதா? ஒருநாள் ஒரு பக்கம் சரியென்று படுகிறது, மறுநாள் மறுபக்கம்.

போன ஐப்பசியில் ஒரு ஞாயிறு, வண்டி கழுவி முடித்து உள்ளே வந்தவர் நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்றார். சாயங்காலத்துக்குள் ஆம்புலன்ஸ் வந்து கொண்டுபோனது. நான்கு நாள் இருந்தார். அந்த நாலு நாளிலும் பேச முடிந்தபோதெல்லாம் சம்மனசுக்கு இரைப்பு இருக்கிறதா என்றுதான் கேட்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, கேட்டுவிடு, இப்போது கேட்டுவிடு என்று எனக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். மூக்கில் குழாயோடு இருக்கும் மனிதரிடம் பால் பாக்கெட் உறையைப் பற்றி எப்படிக் கேட்பது?

கணவர் வந்து, எல்லாக் காரியமும் முடித்து, மறுபடி கப்பலேறிவிட்டார். கார் அந்த ஞாயிறு நின்ற இடத்திலேயே நிற்கிறது. பேட்டரி இறங்கிவிட்டது என்று கணவரிடம் சொன்னேன். சொன்னபோது அது பொய்; இப்போது உண்மையாகியிருக்கும். டாக்டரிடம் ஆட்டோவில் போகிறோம். மகளுக்கு நாலு வயது நெருங்குகிறது, இரைப்பு குறைந்துவிட்டது, ஆனாலும் காற்றுக்காலம் வருகிறது, கையில் வண்டி வேண்டும். போன வாரம் அண்ணாச்சி வந்து பானெட்டைத் தூக்கினார். இந்த ஊரில் இத்தனை வருடம் கடல்காற்றில் நின்ற வண்டிகளின் பானெட் உள்பக்கம் அப்பளமாக உதிருமாம். மூடியின் விளிம்பில் பழைய அரிப்பு இருந்தாலும், மற்றபடி எங்கள் வண்டியில் ஒரு புள்ளி புதுத்துரு இல்லை. தடவிப் பார்த்துவிட்டு, “பெரியவரு கழுவினது தப்புன்னு மட்டும் நெனைக்காதீங்க டீச்சர். அந்த ஒரு குழிதான் அவருக்குத் தெரியாமப் போச்சு,” என்றார். பிறகு இரண்டாவது காயிலைப் பார்த்தார். பச்சை நூலைப் பார்த்தார். பேட்டரி மாற்ற வேண்டும், உறையை எடுத்தால்தான் ஸ்டார்ட் செய்ய முடியும் என்று சொல்லிவிட்டு, அதைத் தொடாமல் போய்விட்டார்.

ஆகவே வாசகர்களிடம் ஒரு உதவி கேட்கிறேன். அவிழ்க்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் போதும். அதற்காகத்தான் அப்படிக் கட்டியிருக்கிறார். திரும்பக் கட்டத்தான் தெரியவில்லை. நான்கு பக்கமிருந்தும் படம் எடுத்து வைத்திருக்கிறேன். மகளின் விளையாட்டு நூலில் எத்தனையோ தடவை போட்டுப் பார்த்தேன். இழுத்தால் இறுகுகிறது, அல்லது இழுக்காமலே அவிழ்ந்துவிடுகிறது. கழுத்தை இரண்டு சுற்று சுற்றி, மூன்றாவது சுற்றின் அடியில் நூல் மடிப்பாக நுழைகிறது. மடிப்பு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பது உறையின் ஓரத்துக்குள் மறைந்திருக்கிறது. தோணியில் ஓடியவர்கள், அல்லது அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், அந்த மடிப்பு மேலிருந்து வருகிறதா, கீழிருந்தா என்று மட்டும் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை வண்டி கழுவ வாளியில் நல்ல தண்ணீர் எடுத்து வைத்திருக்கிறேன். உங்கள் பதில் வரும்வரை முடிச்சை இழுக்கமாட்டேன்.